வளர்ப்பு என்பது வீட்டோடு முடிவதில்லை



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். பாதியில் நிறுத்தி லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்!

போன ஞாயிற்றுக்கிழமை காலை, திண்ணையில் உட்கார்ந்து பேப்பரை விரித்த நேரத்தில் ஒரு போன் வந்தது. பேசியவர் என்னிடம் ஏழாம் வகுப்புப் படித்த மாணவர். பெயர் வேண்டாம். அவரோடு படித்தவர்களுக்குப் புரிந்தாலும் கருத்துப் பகுதியில் எழுதாதீர்கள். இப்போது ஜெயங்கொண்டத்தில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார். நலம் விசாரித்து முடித்ததும் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்:

"சார், என் பொண்ணு ஏழாவது படிக்குது. எப்பப் பாரு கதைப் புத்தகந்தான். நோட்டுல அதுவா ஏதேதோ எழுதி வைக்குது. வீட்டுல, 'நம்ம வம்சத்துல யாரு எழுதினா, இது என்ன கூத்து'ன்னு சொல்றாங்க. நீங்க அன்னைக்கு எங்க அப்பாகிட்ட சொன்னீங்களே சார், வீட்டுல படிப்பு வாசனை இல்லன்னா பிள்ளைக்குப் படிப்பு ஏறாதுன்னு. அது என் பொண்ணுக்கும் பொருந்துமா சார்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குத்தான் வாய் அடைத்துப்போயிற்று.

அவருடைய அப்பா நெசவாளர். முப்பது வருடத்துக்கு முன்னால் பரீட்சைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் நான் அப்படிச் சொன்னது நினைவிருக்கிறது. "இவனைத் தறியில் உட்கார வையுங்கள்" என்றும் சொன்னேன். அவருக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் சொன்னேன். அடுத்த ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது பையன் வரவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை.

அன்றிலிருந்து நான்கு நாட்களாக இதே யோசனைதான். ஒருவரை ஆக்குவது எது? பிறந்த வீடா, வளர்ந்த விதமா, மனதில் ஊறிய நம்பிக்கையா? இதற்கு விடை தேடித் தூரமாகப் போக வேண்டியதில்லை. நம் உடையார்பாளையத்தையும் அரியலூரையும் குன்னத்தையும் சுற்றியே ஒரு பெரிய வாழ்க்கை நடந்திருக்கிறது. தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையரைத்தான் சொல்கிறேன்.

உ.வே.சா. என்றதும் எல்லோருக்கும் உத்தமதானபுரம்தான் நினைவுக்கு வரும். 1855 பிப்ரவரி 19 அன்று பிறந்தது அந்தக் குடும்பத்தில்தான். ஆனால் அவருக்குத் தமிழில் ருசி பிறந்தது நம் மண்ணில். அவருடைய அப்பா வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். உடையார்பாளையம் ஜமீனில் ஆஸ்தான வித்துவானாக இருந்த கனம் கிருஷ்ணையர் அவருக்கு உறவினர், குருவும்கூட. இன்று நாம் பஸ் பிடிக்க ஓடுகிற இதே ஊரில்தான் அந்த மனிதர் குருவுடன் தங்கிச் சங்கீதம் கற்றார். ஜமீனின் ஆதரவும் அவருக்கு இருந்தது.

அப்பாவுக்குத் தெரிந்தது சங்கீதம். ராமாயணக் கதையைப் பாட்டும் பொருளுமாக ஊர் ஊராகச் சொல்லி, ஊரார் கொடுப்பதைக் கொண்டு குடும்பத்தை நடத்தினார். பெரிய சொத்து கிடையாது. மகனும் சங்கீத வித்துவானாக வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் பையனின் மனம் தமிழில் போய் ஒட்டிக்கொண்டது. அரியலூரில் சடகோபையங்கார் அந்த ருசியைக் காட்டிவிட்டார்.

இனி அந்த அப்பா செய்ததைக் கவனியுங்கள். மகன் விரும்பிய பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத் தமிழ் இலக்கணம் அவருக்குத் தெரியாது. 'நம் வீட்டு வித்தை இதில்லையே' என்று அவர் கையை விரிக்கவில்லை. தமிழ் தெரிந்தவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊருக்கே குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போனார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம் பாடம். காருகுடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் பாடம். பெரம்பலூருக்குப் பக்கத்துச் செங்குணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை. போன இடத்தில் எல்லாம் கதை சொல்லிக் கிடைத்ததைக் கொண்டு பிழைப்பு. கடைசியாக 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

நாம் 'வளர்ப்பு' என்று எதைச் சொல்கிறோம்? வீட்டில் என்ன இருக்கிறது, அப்பா என்ன படித்தவர், அலமாரியில் எத்தனை புத்தகம் என்றுதானே பார்க்கிறோம்? உ.வே.சா.வின் வீட்டில் தமிழ்ப் புலமை இருக்கவில்லை. பிள்ளையை அது இருக்கிற இடத்துக்கு அழைத்துப்போகிற கால்கள் இருந்தன. என் கணக்கில் வளர்ப்பில் பாதி அதுதான்.

மீதிப் பாதியைக் குருவிடம் பார்க்கலாம். மகாவித்துவான் அழுத்தமான சைவர், திருவாவடுதுறை ஆதீன வித்துவான். தலபுராணங்கள் பாடிக் குவித்தவர். அப்படிப்பட்டவர் மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளைக்கு நெருங்கிய நண்பர். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய அதே வேதநாயகம் பிள்ளைதான், கிறிஸ்தவர். அவர்மேல் 'குளத்தூர்க் கோவை' என்று ஒரு நூலே பாடிக் கொடுத்தார் மகாவித்துவான். அவரிடம் பாடம் கேட்டவர்களில் சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவரும் உண்டு. தன் நெற்றியில் திருநீறு, பக்கத்தில் வேறு சமயத்து மாணவர். இதையும் உ.வே.சா. பார்த்துத்தான் வளர்ந்தார். பாடத்தில் இல்லாத பாடம் என்று நாங்கள் பயிற்சிப் பள்ளியில் படித்தது இதைத்தான்.

ஆனால் குருவின் விருப்பு வெறுப்பு சில கதவுகளைச் சாத்தவும் செய்யும். அதையும் சொல்ல வேண்டும். மாயூரத்தில் உ.வே.சா. நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் கொஞ்ச நாள் சங்கீதமும் கற்றார். சங்கீதத்தில் மனம் போனால் தமிழ்ப் பாடம் கெடும் என்பது மகாவித்துவானின் எண்ணம். அது தெரிந்ததும் சீடர் சங்கீதத்தை நிறுத்திவிட்டார். கனம் கிருஷ்ணையரிடமிருந்து உடையார்பாளையம் வழியாக வந்த வித்தையை அவர் அதோடு தொடரவில்லை. எவ்வளவு பெரிய ஆசிரியராக இருந்தாலும் அவருடைய ஒரு அபிப்பிராயம் பிள்ளையின் வாழ்க்கையில் ஒரு கிளையை வெட்டிவிடும். இந்த இடம் இந்த வாரம் என்னைச் சுட்டது.

இனிதான் முக்கியமான கட்டம். குரு 1876இல் மறைந்தார். 1880இல் தியாகராச செட்டியாரின் முயற்சியால் உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அந்த ஆண்டு அக்டோபரில் அங்கே முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று பெரிய பட்டியலையே ஒப்பிக்கிறார். முதலியார் அசரவே இல்லை. பழைய நூல்கள் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்கிறார். இவர் அதைப் பார்த்ததுகூட இல்லை!

சீவக சிந்தாமணி திருத்தக்கதேவர் என்ற சமண முனிவர் பாடிய காப்பியம். சைவ உலகில் அதற்கு இருந்த பெயர் வேறு. சோழ அரசன் அந்தச் சமணக் கதையில் மயங்கிக் கிடந்தான் என்றும், அவனை மீட்கத்தான் சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்றும் ஒரு வரலாறு வழங்குகிறது. திருநீறும் ருத்திராட்சமுமாக, மடத்தின் சோறு உண்டு, மடத்தில் பாடம் கேட்டு வளர்ந்த 25 வயது இளைஞர், சைவர்கள் ஒதுக்கி வைத்த அந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கிறார்.

எடுத்தால் புரியவில்லை. நச்சினார்க்கினியர் உரை இருந்தும் சமண சமயச் சொற்களும் கொள்கைகளும் பிடிபடவில்லை. 'எனக்குத் தெரியாத தமிழா' என்று அவர் நினைத்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். அவரோ கும்பகோணத்திலேயே வாழ்ந்த சமணர்களின் வீடு தேடிப் போனார். சந்திரநாத செட்டியார் முதலியவர்களிடம் மாணவரைப் போல உட்கார்ந்து கேட்டார். அவர்களுக்குச் சிந்தாமணி வெறும் இலக்கியம் அல்ல, பக்தியோடு படிக்கும் நூல். கல்லூரி ஆசிரியருக்குப் புரியாதது, வீட்டில் பரம்பரையாக அதைப் படித்துவந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. அதன் உரையில் மேற்கோளாக வந்த, எந்த நூல் என்றே தெரியாத வரிகளைத் தேடிப் போனதில்தான் சங்க நூல்களின் பக்கம் வழி திறந்தது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. மணிமேகலை பௌத்த நூல். அதற்காக, ஆங்கிலத்தில் பௌத்த நூல்களைப் படித்திருந்த ரங்காசாரியார் என்ற கல்லூரி நண்பரிடம் அந்தச் சமயக் கொள்கைகளைக் கேட்டுக் கற்றார். சமணக் காப்பியத்தையும் பௌத்தக் காப்பியத்தையும் ஒரு சைவர் பதிப்பித்தார். கடைசிவரை அவர் சைவர்தான். 1942 ஏப்ரல் 28 அன்று திருக்கழுக்குன்றத்தில் காலமாகும் வரை தன் நம்பிக்கையையும் விடவில்லை, பிறர் நூலையும் விடவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். வளர்ப்பும் நம்பிக்கையும் ஒருவரை ஆக்குகின்றன என்பது உண்மை. ஆனால் அவருடைய பெரிய காரியம் பெரும்பாலும் அந்த வளர்ப்பின் எல்லைக்கு அந்தப் பக்கம்தான் காத்திருக்கிறது. அந்தப் படியைத் தாண்ட விடாத வளர்ப்பு, எவ்வளவு நல்ல வளர்ப்பானாலும், பாதி வளர்ப்புதான்.

இது நமக்கு மட்டும் உரிய கதை இல்லை. அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன் போன முறை வந்தபோது மார்க் ட்வைன் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அவர் பிறந்தது 1835இல். வளர்ந்தது மிசௌரி மாநிலத்தில் ஹானிபல் என்ற ஆற்றங்கரை ஊரில். அடிமை முறை அங்கே சட்டம். அவர் வீட்டிலேயும் அடிமை உண்டு. அம்மா இரக்க குணம் உள்ளவர்தான், ஆனால் அது தப்பு என்று அவருக்கே தோன்றவில்லையாம். கோயிலில் பிரசங்கம் செய்பவர்களும் அது கடவுளுக்குச் சம்மதம் என்றே சொன்னார்கள். சிறுவயதில் தனக்கும் அதில் தவறு தெரியவில்லை என்று பிற்காலத்தில் அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆனால் உறவினர் ஒருவரின் பண்ணையில் டான் என்ற ஓர் அடிமை மனிதரிடம் கதை கேட்டும் அன்பு பெற்றும் வளர்ந்தார். பிறகு திருமணம் செய்துகொண்டது அடிமை முறையை எதிர்த்த குடும்பத்தில். 1884-85இல் வந்த 'ஹக்கிள்பெரி ஃபின்' கதையில் ஒரு சிறுவன், ஓடிவந்த அடிமைக்கு உதவினால் தனக்கு நரகம்தான் என்று உண்மையாகவே நம்புகிறான். நம்பிக்கொண்டே உதவுகிறான். வளர்ப்பு ஒன்றைச் சொல்ல, பழகிய நெஞ்சு வேறொன்றைச் சொல்கிறது. அந்த நாவல் வந்து இரண்டு மூன்று ஆண்டுகளில் கும்பகோணத்துச் சைவரின் சிந்தாமணி வெளிவந்திருக்கிறது. இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் இருவரையும் வளர்ந்த வட்டத்துக்கு வெளியே இழுத்தவர்கள் பக்கத்தில் இருந்த மனிதர்கள்தான்.

அவன் இன்னொன்றும் சொன்னான். மார்க் ட்வைன் ஹார்ட்ஃபோர்டு ஊரில் குடியிருந்தபோது அவருக்குப் பக்கத்துவீட்டுக்காரர் ஹாரியட் பீச்சர் ஸ்டோவ். 1852இல் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' எழுதி அடிமை முறைக்கு எதிராக அந்த நாட்டையே உலுக்கியவர். அவர் மதபோதகரின் மகள். வீட்டில் ஊட்டிய பக்திதான் அவரை எழுத வைத்தது. ஒருவர் தன் வளர்ப்பை மீறி எழுதினார், இன்னொருவர் தன் வளர்ப்பின் பலத்தில் எழுதினார். வந்து சேர்ந்தது ஒரே பக்கம். ஆகவே இப்படி வளர்ந்தால் இப்படித்தான் ஆவான் என்று ஜாதகம் கணிக்கிற வேலையை ஆசிரியர்கள் செய்யக்கூடாது. அது என் மட்டும் புத்தி கொள்முதல்.

இங்கே உங்களில் சிலர் ஒரு கேள்வி கேட்பீர்கள். என் மாணவர்கள் கேட்காமல் இருக்க மாட்டீர்கள், அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். "சார், உ.வே.சா. பிறந்த குலம் வேறு. அவர் போன ஊரில் எல்லாம் திண்ணை கிடைத்தது, மடம் சோறு போட்டது. 1860களில் ஒரு நெசவாளர் மகனோ ஒரு பண்ணையாள் மகனோ இப்படி ஊர் ஊராகப் போய்ப் பாடம் கேட்டிருக்க முடியுமா?"

நியாயமான கேள்வி. பெரும்பாலும் முடிந்திருக்காது. உ.வே.சா.வின் அப்பாவிடம் காசு இல்லை, ஆனால் போகிற இடத்தில் கதவு திறந்தது. பல அப்பாக்களுக்கு அந்தக் கதவு இல்லை. அதை மறைத்துவிட்டு 'உழைத்தால் யாரும் உயரலாம்' என்று மேடையில் பேசுவது எனக்குப் பிடிக்காது.

ஆனால் அதனால்தானே பள்ளிக்கூடம் வந்தது? அன்று ஓர் அப்பா தன் தோளில் சுமந்ததை இன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் சுமக்க வேண்டும். வீட்டில் படிப்பு வாசனை இல்லாத பிள்ளைக்காகத்தான் வாத்தியார் என்று ஒருவரை அரசாங்கம் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறது. வாசனை இருக்கிற வீட்டுப் பிள்ளை நான் இல்லாமலும் படித்துக்கொள்ளும். இந்தச் சின்னக் கணக்கு அன்று எனக்குத் தெரியவில்லை. அந்த நெசவாளர் தன் பையனை அழைத்துக்கொண்டு சரியான இடத்துக்குத்தான் வந்தார். காருகுடிக்கும் செங்குணத்துக்கும் வந்த அப்பாவைப் போலத்தான் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். திருப்பி அனுப்பியது நான்.

அதற்காகத் தறியைக் குறைவாகச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் ஊர்ப் பட்டு நெசவின் கணக்கு என்ன சாதாரணக் கணக்கா? தவறு தறியில் இல்லை. பையன் எங்கே போகவேண்டும் என்பதை அவனைக் கேட்காமலே, அவன் வீட்டைப் பார்த்து நான் முடிவு செய்ததில் இருக்கிறது.

உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்யாண வீட்டிலும் காரியத்து வீட்டிலும் "அவன் வளர்ப்பே சரியில்லை", "அந்தக் குடும்பத்துல வேற எப்படி வரும்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அதேபோல் "நம்ம சாமி இல்லாத கோயில் கதையை இவன் ஏன் படிக்கிறான்" என்றும் பிள்ளைகளைத் தடுக்கிறோம். ஒரு பிள்ளை மாற்று மதத்து நூலைப் படித்ததால் அதன் பக்தி கரைந்துவிடாது. உ.வே.சா.வுக்குக் கரையவில்லை. கரைந்துபோவது பயம் மட்டும்தான்.

அந்த மாணவருக்கு நேற்று சாயங்காலம் நானே போன் செய்தேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்புப்பா. உன் பொண்ணுக்கும் பொருந்தாது, உனக்கும் பொருந்தியிருக்காது" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "அதெல்லாம் விடுங்க சார், எங்க அப்பா இருந்து இதைக் கேட்டிருக்கணும்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

வருகிற சனிக்கிழமை மகளை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். 'என் சரித்திரம்' எடுத்து வைத்திருக்கிறேன். 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கி, அவர் மறைவுக்குப் பிறகு 1950இல் நூலாக வந்தது. அதில் அரியலூரும் குன்னமும் செங்குணமும் வருகிற பக்கங்களில் காகிதம் செருகி வைத்திருக்கிறேன். நம் ஊர்ப் பெயர்களை அச்சில் பார்த்தால் பிள்ளைக்கு ஒரு உற்சாகம் வரும். அந்த நோட்டில் அது என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் நான் படித்துப் பார்க்க வேண்டும். சிவப்பு மையை எடுக்கப் போவதில்லை.

உள்ளூரில் இருக்கும் மாணவர்கள், உங்கள் பக்கத்தில் இப்படி நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளை இருந்தால் அழைத்து வாருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திண்ணையில்தான் இருப்பேன். எனக்குத் தெரியாத பாடமாக இருந்தால், தெரிந்தவர் யார் என்று சேர்ந்து தேடுவோம். வெளியூரில் இருப்பவர்கள் நல்ல கதைப் புத்தகமாக இரண்டு வாங்கி அனுப்புங்கள், போதும்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்
உடையார்பாளையம்